குருமடத்தில் முதற் கல்வி

கத்தோலிக்கத் திருச்சபையிற் குருத்துவத்தை நாடிச் செல்லும் இளைஞர் குருமடத்தில் முதன்முதல் யாது கற்கின்றனர் என்று எம் கல்லூரி நண்பர் சிலரை ஒருநாள் வினவினோம். 'விவிலியம்' என்றனர் பலர். 'பூசை செய்யும் முறை' என்றார் ஒருவர். 'இலத்தீன்' என்றார் மற்றொருவர். இவற்றுள் ஒன்றேனும் முழுதும் பொருந்துவதன்று. அவர்கள் முதற்கண் கற்பது தருக்கம்; அதன் பின்னர் அரிஸ்டாட்டில். இறையியல் நூல்களைத் திறக்குமுன், இறைவன் இல்லையென்பார் கூற்றுகளையுங்கூட அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்கின்றனர். இவ்வொழுங்கு எங்ஙனம் வந்தது, எதன்பொருட்டு அமைந்தது, இதனால் அவ்விளைஞர் பெறுவதும் இழப்பதும் யாவை என்பவற்றை இயன்றவரை எடுத்துரைக்கப் புகுகின்றோம். யாம் அச்சபையைச் சார்ந்தவர் அல்லேம். எனினும் பள்ளியில் எம்முடன் பத்தாண்டு ஒரே பலகையில் அமர்ந்து கற்ற நண்பர் ஒருவர் இதுபொழுது ஒரு குருமடத்தில் தத்துவ மாணவராக இருத்தலின், இப்பொருளில் எமக்கு ஆர்வம் பிறந்தது.

குருக்களைப் பயிற்றுதற்கெனத் தனியில்லம் அமைக்கும் வழக்கம் திருச்சபையின் தொடக்கந்தொட்டே இருந்ததென்று கருதுதல் பிழை. இடைக்காலத்திற் பேராலயங்களை அடுத்துப் பள்ளிகள் இருந்தன. பாரிஸ், பொலோஞா முதலிய நகரங்களிற் பல்கலைக்கழகங்களும் இருந்தன. ஆனால் அவற்றை எட்டிப் பிடித்தவர் சிலரே. தச்சன் மகன் தந்தையின் உளியைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகுமாறுபோல, நாட்டுப்புறக் குருக்களிற் பெரும்பாலார் முதிய குரு ஒருவருடன் உறைந்து சடங்குகளைப் பார்த்துப் பழகியவரேயாவர். 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய வினாக்கள் ஐரோப்பா எங்கணும் பரவியபொழுது, அவ்வினாக்களுக்கு விடையிறுக்கவேண்டிய நிலையில் இத்தகைய குருக்களே ஊர்தோறும் நின்றனர்.

ஆதலின், திரெந்து நகரிற் கூடிய பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் நிகழ்ந்த தன் 23ஆம் அமர்வில், மறைமாவட்டந்தோறும் இளைஞரைக் குருத்துவத்துக்குப் பயிற்றும் இல்லம் ஒன்று வேண்டுமென ஆணையிட்டது. அவ்வில்லத்துக்கு அது வழங்கிய இலத்தீனப் பெயருக்கு நேர்பொருள் நாற்றங்கால் என்பதாம். உழவர் நாட்டிற் பிறந்த நமக்கு இச்சொல்லின் அழகை விளக்க வேண்டுவதில்லை. பன்னிரண்டு அகவையேனும் நிரம்பிய, எழுதப்படிக்கத் தெரிந்த, நல்லொழுக்கமுடைய சிறுவரை அதிற் சேர்க்கவேண்டும். ஏழையர் மக்களையே சிறப்பாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். செல்வர் மக்களை விலக்கவேண்டா, ஆயின் அவர்தம் செலவை அவரே தாங்கவேண்டும் என்பன அவ்வாணையிற் கண்ட விதிகள். பாடங்களாகக் குறிக்கப்பட்டவை இலக்கணம், இசை, திருநாள்களைக் கணிக்கும் கலை, மறைநூல், திருச்சடங்கு முறை முதலியன. உரோமையிற் குருமடம் 1565இல் தொடங்கி இயேசு சபையாரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

இப்பட்டியலில் தத்துவத்துக்குத் தனியிடம் தரப்படவில்லை என்பதை நண்பர்கள் கருதுக. அதற்கு நிலையான இடத்தை வகுத்தது இயேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டமாகும். மொழியும் அணியும் கற்றுத் தேறியோர் மூன்றாண்டு அரிஸ்டாட்டிலைப் பயின்ற பின்னரே இறையியலிற் புகவேண்டும் என்று அது வகுத்தது. 1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் விடுத்த திருமுகம் ஒன்று, 1274இல் மறைந்த தோமாஸ் அக்குவினாஸ் என்னும் பேரறிஞரின் தத்துவத்தைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் மீண்டும் தழைக்கச் செய்தது. பின்னர் 1917இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தத்துவத்துக்கு ஈராண்டும் இறையியலுக்கு நான்காண்டும் குறையாமல் வேண்டுமென வரையறுத்தது. 1983இன் புதிய தொகுப்பும் தன் 250ஆம் பிரிவில் அவ்வாறாண்டுக் கணக்கையே கைக்கொண்டுள்ளது. திருச்சபையின் தத்துவக் கழகங்களில் இளங்கலைப் பட்டம் பெறுதற்கு மூன்றாண்டு வேண்டும் என்பது 2011இல் வந்த திருத்தம்.

நிற்க. இவ்வாண்டுகளிற் கற்கும் பாடங்கள் யாவை? தருக்கம் முதலது. அறிவு உண்மையை எட்டுமா, எட்டுமாயின் எவ்வளவில் என்று ஆராயும் அறிவாராய்ச்சி அடுத்தது. உள்ளது என்பதன் இயல்பை நாடும் உள்பொருளியல், இயற்கைத் தத்துவம், மானிடத் தத்துவம், அறவியல், மறைநூலின் துணையின்றி அறிவொன்றாலேயே கடவுளைப் பற்றி எவ்வளவு கூறலாம் என்று காணும் இயற்கை இறையியல் ஆகியன பிற. இவற்றுடன் தத்துவ வரலாறு பிளேட்டோவிற்கு முன்னிருந்து தொடங்கிக் காண்ட், ஹெகல், மார்க்ஸ், நீட்சே வரையிலும் அப்பாலும் செல்லும். நம் நாட்டுக் குருமடங்களிற் சாங்கியம், நியாயம், வேதாந்தம், பௌத்தம், சமணம் ஆகியவற்றுக்கும் இடமுண்டு. உளவியலும் சமூகவியலும் உடன் கற்பிக்கப்படுகின்றன.

வேதம் ஓதப் புகுவார்க்கு இத்துணைச் சுற்றுவழி எற்றுக்கு என்று கேட்பார் உளர். யாமும் நண்பரிடம் அவ்வாறே கேட்டோம். அவர் மறுமொழி கூறுமுன் எம் பாடநூலே எமக்கு விடை கூறிற்று. மணிமேகலை வஞ்சிமாநகரிற் புகுந்து அளவைவாதி முதலிய சமயக் கணக்கர் பலரின் கோட்பாடுகளைக் கேட்டறிந்த பின்னரே காஞ்சியில் அறவண அடிகளை அடைகின்றாள். அடிகளும் உடனே நிதானங்களை விரித்துரைக்கத் தொடங்கவில்லை. 29ஆம் காதையில் அளவையின் இலக்கணத்தையும் அதன் போலிகளையும் ஒவ்வொன்றாக விளக்கிய பின்னர், 30ஆம் காதையிலேயே பேதைமை முதலாகிய பன்னிரண்டையும் கூறுகின்றார். தேர்வுக்குப் படிப்போர் அவ்வளவைப் பகுதியைப் பெருஞ்சுமையாக எண்ணித் தாண்டிச் செல்வது வழக்கம், யாமும் தாண்டியவரே. சிவஞான சித்தியாரிலும் பிறர் மதங்களை ஆராயும் பரபக்கம் முன்னிற்க, தம் மதம் கூறும் சுபக்கம் பின்வருவதும், அச்சுபக்கமும் அளவையிலிருந்து தொடங்குவதும் நாம் அறிந்தனவே. எதனால் அறிகின்றோம் என்பதைத் தெளியாமல் யாதறிந்தோம் என்று கூறுதல் தகாது என்பது பௌத்தர்க்கும் சைவர்க்கும் உரோமையார்க்கும் ஒப்ப முடிந்த கருத்துப் போலும்.

கிறிஸ்தவ சமயத்துக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. 325இல் நிசேயாவிற் கூடிய பொதுச்சங்கம் பிதாவும் சுதனும் ஒரே உட்பொருள் உடையர் என்று அறுதியிட்டபொழுது, அதற்கெனக் கையாண்ட சொல் மறைநூலிற் காணப்படுவதன்று. கிரேக்கத் தத்துவரிடமிருந்து பெற்றதாம். உட்பொருள் என்பது யாது, ஆள் என்பது யாது, இரண்டும் எவ்வாறு வேறுபடும் என்பதை அறியாதவன் அச்சங்கத்தின் முடிவை ஒப்புவிக்கலாமேயன்றி விளக்கலாகாது. குணத்தையும் குணியையும் பிரித்து நோக்கும் பழக்கம் இலக்கணம் கற்ற நமக்கு ஓரளவு உண்டு. நற்கருணையில் அப்பத்தின் உட்பொருள் மாறுகின்றது, நிறமும் சுவையும் முதலாய தோற்றப் பண்புகள் மாறாது நிற்கின்றன என்னும் கத்தோலிக்கக் கோட்பாட்டுக்கும் இப்பாகுபாடே அடிப்படை. அக்கோட்பாட்டை யாம் ஏற்கின்றோமா என்பது வேறு வினா. மறுப்பவரும் அச்சொற்களின் பொருளை அறிந்தே மறுத்தல் வேண்டும்.

பயிற்றும் முறையும் கருதத்தக்கது. தோமாஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில் ஒவ்வொரு வினாவிலும் முதற்கண் வைப்பது தம் கொள்கையன்று; அதனை மறுப்பாரின் தடைகளையே. பின்னர் எதிர்த்தரப்புக்கு ஒரு சான்று. அதன்பின் தம் முடிபு. ஈற்றில் முன்சொன்ன தடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை. கடவுள் உளரா என்னும் வினாவிலும் அவர் 'இலர்' என்பதற்கான தடைகளோடுதான் தொடங்குகின்றார். இம்முறையைத் தழுவியே எம் நண்பரின் ஆசிரியர் வகுப்பில் ஒவ்வொருவரையும் எதிர்த்தரப்பில் நிறுத்துகின்றார். சென்ற ஆண்டு நண்பருக்கு நீட்சேயின் தரப்பு வாய்த்தது. "நீட்சே இங்கிருந்தால், ஆம், யான் சொன்னது இதுவே என்று ஒப்பும் வண்ணம் பேசவேண்டும், இல்லையேல் மதிப்பெண் இல்லை" என்று ஆசிரியர் கூறிவிட்டாராம். "முதல்நாள் இரவு உறக்கம் வரவில்லை, பேசப் பேச எனக்கே அச்சமாயிற்று" என்று நண்பர் எம்மிடம் கூறினார். அவ்வச்சம் பயனுடையதென்றே யாம் எண்ணுகின்றோம். நாளை ஒரு சிற்றூரில், மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி 'கடவுள் எங்கே போனார்' என்று கேட்கும்பொழுது, அவ்வினாவைத் தன் நெஞ்சில் ஒருமுறையேனும் தாங்கியறியாத குரு மனப்பாடம் செய்த மறுமொழியையே நீட்டுவார்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நெடுங்காலம் குருமடங்களில் இப்பாடங்கள் இலத்தீனிலேயே நடந்தன. 1962ஆம் ஆண்டு பிப்ரவரியிற் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் அவ்வழக்கத்தை வற்புறுத்தி ஆணையொன்று விடுத்தார். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் வழக்கம் தானே தளர்ந்தது. இன்றைய சட்டத்தின் 249ஆம் பிரிவு குருமாணவர் தம் தாய்மொழியைச் செம்மையாகக் கற்கவேண்டும் என்பதை முன்வைத்து, இலத்தீனையும் பிறமொழிகளையும் அதன்பின் வைக்கின்றது. தமிழ் சிறப்புப் பாடம் பயிலும் எமக்கு இது மகிழ்ச்சி தருவதே. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இற் பிறந்த தனிநாயக அடிகளின் வரலாறு ஈண்டு நினைவுக்கு வருகின்றது. கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவக் கல்வி பெற்று 1938இற் குருப்பட்டம் எய்திய அவர், தமிழை முறையாகப் பயின்றது அதன் பின்னரே. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து மீண்டும் மாணவராயினார். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்ட பெருமகனார் முப்பது அகவை கடந்த பின்னரே நம்மைப்போற் சங்க நூல்களை வகுப்பில் அமர்ந்து பாடங்கேட்டார் என்பது, அக்காலத்துக் குருமடக் கல்வியில் தாய்மொழிக்கு இருந்த இடத்தை ஒருவாறு காட்டும்.

இந்திய நாட்டவரையே குருக்களாகப் பயிற்றுதற்கென்று அப்பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் இலங்கையின் கண்டி நகரிற் குருமடம் ஒன்றை நிறுவினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் கடல் கடந்து அங்குச் சென்று பயின்றனர். 1926இற் பட்டம் வழங்கும் உரிமையை அஃது உரோமையிலிருந்து பெற்றது. 1955இற் பூனாவுக்குப் பெயர்ந்தது. அதனோடு பெயர்ந்த உயர்கல்விக் கழகமே ஞானதீப வித்யாபீடம் என்னும் பெயரால் நெடுங்காலம் அறியப்பட்டது.

இனி, இக்கல்வியாண்டுகளின் மற்றொரு முகத்தை நோக்குவோம். நம் ஊர்களில் இது பெரிதும் அறியப்படாதது. குருமடத்தின் படியேறிய அன்றே ஒருவன் சாமியாராகிவிட்டான் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. துறவற சபைகளிற் சேர்வோர் தத்துவம் கற்குமுன்னரே புகுமுகத் துறவு முடித்து வார்த்தைப்பாடு கொடுத்திருப்பர், அது தனி. மறைமாவட்டத்துக்கெனப் பயிலும் மாணவரோ தத்துவ ஆண்டுகளில் எவ்வார்த்தைப்பாட்டினாலும் கட்டுண்டவர் அல்லர். மணவாழ்வைத் துறக்கும் உறுதிமொழி திருத்தொண்டர் பட்டத்தோடு வருவது. அப்பட்டத்தை இருபத்துமூன்று அகவைக்கு முன்னும், குருப்பட்டத்தை இருபத்தைந்து அகவைக்கு முன்னும் வழங்கலாகாது. ஒருவனைக் கட்டாயப்படுத்திப் பட்டத்துக்கு உட்படுத்துதல் எக்காரணத்தாலும் கூடாதென்று சட்டம் விலக்குகின்றது. அன்றியும், மாணவன் தன் உள்ளத்தைத் திறந்து காட்டும் ஆன்ம குருவிடமோ, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமோ, இவனைப் பட்டத்துக்கு ஏற்கலாமா, இல்லத்திலிருந்து விலக்கலாமா என்று கருத்துக் கேட்கவே கூடாதென்பது 240ஆம் பிரிவு. ஐயுறவை அஞ்சாமல் வெளியிட ஓரிடமேனும் வேண்டுமன்றோ! 2016ஆம் ஆண்டு டிசம்பரில் உரோமை வெளியிட்ட பயிற்சி நெறி இத்தத்துவப் பருவத்துக்குச் சீடத்துவப் பருவம் என்று பெயரிட்டுள்ளது. தன்னை ஆராய்ந்து, இவ்வழி தனக்குரியதன்றெனக் கண்டால் திரும்பிச் செல்வதும் அப்பருவத்துக்குள் அடங்கியதே. நாற்றங்காலில் வளர்ந்த நாற்று முழுவதும் ஒரே வயலில் நடப்படுவதில்லை.

ஆனால் திரும்பி வருபவனை ஊர் எவ்வாறு ஏற்கின்றது? எம் ஊரில் அரிசி ஆலையொன்றிற் கணக்கெழுதும் பெரியவர் ஒருவர் உளர். அண்ணாச்சி என்றே யாம் அவரை அழைப்பது வழக்கம். இளமையிற் குருமடம் சென்று, தத்துவம் முடித்து, இறையியலின் இடையில், தமக்கு அழைப்பில்லையெனத் தெளிந்து விடைபெற்று வந்தவர். வந்து முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஊரார் அவருக்கு இட்ட பெயர் 'பாதிச் சாமியார்' என்பதே. எமக்கு முதன்முதல் தருக்கம் கற்பித்தவர் அவர்தாம். ஒருநாள் மாலை ஆலையில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டி, "எடைபோட்ட மூட்டைக்கெல்லாம் முத்திரை உண்டு, இந்த மூட்டைக்கு முத்திரை இருக்கிறது, ஆகையால் இது எடைபோட்டது. சரிதானா, தம்பி?" என்று கேட்டார். சரி என்றோம். சிரித்தார். எடைபோடாத மூட்டைக்கும் ஒருவன் முத்திரை குத்தியிருக்கலாம் என்பது எமக்குத் தோன்ற அரைநாழிகை ஆயிற்று. இத்தகைய ஆசிரியர் ஒருவருக்கு எப்பள்ளியிலும் வேலை கிட்டவில்லை. பள்ளியொன்றில் விண்ணப்பித்தபொழுது, குருமடத்துச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, பல்கலைக்கழகப் பட்டம் யாது என்று வினவினார்களாம். அவரிடம் அஃது இல்லை. ஆறாண்டுக் கல்வி ஒரு தாளின் குறையாற் கல்வியேயன்று என்றாயிற்று.

இக்குறையைத் திருச்சபை அறியாமலில்லை. ஒரு நாட்டின் பிற இளைஞர் உயர்கல்விக்கு முன்னர்ப் பெறும் கலைக்கல்வியையும் அறிவியற் கல்வியையும் குருத்துவம் நாடுவோரும் பெறவேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று. இன்றைய சட்டத்திலும் அது வந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டிற் கல்லூரிக் குருமடம் என்னும் அமைப்பு உண்டு. மின்னசோட்டா மாநிலத்துத் தூய பவுல் நகரில் 1968இல் தொடங்கிய வியான்னி குருமடத்தார், அருகிலுள்ள தூய தோமையார் பல்கலைக்கழகத்திற் பிற மாணவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து இளங்கலைப் பட்டம் பெறுகின்றனர். இடையில் மனம் மாறினும், பட்டத்தைத் தொடர்ந்து கற்க அவர்க்குத் தடையில்லை. வேறொரு துறையில் முன்னரே பட்டம் பெற்று வருவோர்க்கு ஈராண்டுத் தத்துவம் தனியே கற்பிக்கப்படும். நம் நாட்டிலும் மறைமாவட்டங்கள் பல, தத்துவத்துக்கு முன்னரோ உடனாகவோ பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றைப் பெறுமாறு தம் மாணவரை ஊக்குகின்றன. பகலிற் குருமடப் பாடமும் இரவில் தொலைநிலைக் கல்விப் பாடமுமாக இரு சுமை தாங்குதல் எளிதன்று. ஆயினும் அண்ணாச்சியை அறிந்த யாம் அச்சுமையை வேண்டாவென்று கூறோம். போவதற்கு வழியின்மையால் மட்டுமே ஒருவன் தங்கிவிடுவானாயின், அவனது தங்குதலை விருப்பம் என்று எவ்வாறு கூறுவது?

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர் ஊருக்கு வந்திருந்தார். தெருவில் எதிர்ப்பட்டவரெல்லாம் அவரைப் 'பிரதர்' என்று அழைத்துக் கும்பிட்டனர். அவருடைய பாட்டியார் முதற்பூசைக்கென்று சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வருகின்றார். எமக்கும் அன்று விருந்துண்டென்று கூறினார். அன்று மாலை ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருக்கும்பொழுது நண்பர் நெடுநேரம் பேசாதிருந்து, "எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, பாட்டியிடம் எப்படிச் சொல்வது?" என்றார். எமக்கு விடை தெரியவில்லை. இருவருமாக அண்ணாச்சியிடம் சென்றோம். அவர் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு, "தெரியவில்லை என்று உன் ஆன்ம குருவிடம் சொன்னாயா?" என்று கேட்டார். சொன்னதாக நண்பர் கூறினார். "அப்படியானால் பாட்டிக்கு அவசரமில்லை. பட்டத் தேர்வை மட்டும் விடாமல் எழுது" என்றார் அண்ணாச்சி.

நண்பர் குருமடம் திரும்பினார். சென்ற கிழமை அவரிடமிருந்து மடல் வந்தது. தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்றாம். வகுப்பு வாதத்தில் இம்முறை அவருக்கு வாய்த்தது, மனிதனுக்குத் தன்விருப்பம் என்பதொன்று இல்லை என்பாரின் தரப்பு. எமக்கு ஏதேனும் தடைகள் தோன்றினால் எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தார். இரண்டு எழுதி அனுப்பியுள்ளோம்.